வண்டி வேறொருவருடையது, சுமை மட்டும் பயணியுடையதா?

சார்ஜாவின் ரோலாப் பகுதியிலும் அஜ்மானின் உள்தெருக்களிலும் விடியற்காலை ஐந்து மணிக்கே மனிதர்கள் சாலையோரம் காத்து நிற்கின்றனர். கையில் மதிய உணவுப் பொட்டலம், கழுத்தில் நிறுவன அடையாள அட்டை, கண்களில் தீராத உறக்கம். சிறிது நேரத்தில் எண்பலகை தவிர வேறெந்த அடையாளமும் அற்ற ஒரு மகிழுந்து வந்து நிற்கும். நால்வரோ ஐவரோ ஏறிக்கொள்வர். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஜெபல் அலித் தடையற்ற வணிக வலயத்தின் வாயிலில் இறங்குவர். மாதம் பிறந்தால் ஓட்டுநரின் கையில் பணம் கொடுக்கப்படும். சீட்டு இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஓட்டுநரின் முழுப்பெயர்கூடப் பலவேளைகளில் எவருக்கும் தெரியாது. அமீரகத்தில் வாழும் தமிழரும் மலையாளிகளும் ஏனைய தெற்காசியரும் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கார் லிப்ட்’.

1979-இல் துறைமுகம் திறக்கப்பட்டு, 1985-இல் வணிக வலயம் அமைக்கப்பட்ட காலந்தொட்டே ஜெபல் அலி, பிறருடைய வண்டியில் வந்து இறங்கும் உழைப்பாளரால் இயங்கும் ஊராகவே இருந்துவருகின்றது. தொழிலாளர் குடியிருப்புகளில் தங்கியோர் நிறுவனப் பேருந்தில் வருகின்றனர். துபாயின் வாடகையைக் கொடுக்க இயலாத எழுத்தரும் வரைவாளரும் இளநிலைப் பொறியாளரும் சார்ஜாவிலும் அஜ்மானிலும் குடும்பத்தை வைத்துக்கொண்டு கார் லிப்டில் வருகின்றனர். 2009 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய துபாய் மெட்ரோ ஜெபல் அலி வரை நீள்கின்றது. சார்ஜாவுக்குள் அது நுழையவில்லை. டிஸ்கவரி கார்டன்சிலும் அல் புர்ஜானிலும் வாழும் இளந்தலைமுறையினரோ சொந்த வண்டி வாங்குவதையே தள்ளிப்போட்டு, கைப்பேசிச் செயலியில் நிமிடக் கணக்கில் வண்டி எடுத்து ஓட்டுகின்றனர். துபாயின் சாலை மற்றும் போக்குவரத்து ஆணையத்தின் ஏற்பாட்டில் யுடிரைவ், ஈகார் ஆகிய நிறுவனங்களின் வண்டிகள் 2017 தொடக்கத்தில் இவ்வகையில் தெருவுக்கு வந்தன. இவை தவிர ஊபர், கரீம் போன்றவற்றை அழைத்து ஏறுவோர் எண்ணற்றோர்.

வண்டி வாங்காமலே வண்டியில் செல்லும் வாழ்க்கை இது. சுற்றுச்சூழலுக்கு நல்லது, பணப்பைக்கும் நல்லது என்று இதைப் போற்றுவோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் இப்புகழுரைகளுக்கு அடியில் மறைக்கப்படும் ஒரு கணக்கு இருக்கின்றது. உடைமையாளனுக்குரிய சுமைகள் யாவும் பயனாளியின் தோளில் ஏற்றப்படுகின்றன. உடைமையாளனுக்குரிய உரிமைகளுள் ஒன்றேனும் அவற்றுடன் சேர்த்துத் தரப்படுவதில்லை. இதைச் சட்டத்தின் குறை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஏனெனில் சட்டம் இருக்கின்றது.

ஐக்கிய அரபு அமீரகம் 2006-ஆம் ஆண்டின் 24-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டத்தின் வழி நுகர்வோர் பாதுகாப்பை நிறுவியது. அதற்கு மாற்றாக 2020-ஆம் ஆண்டின் 15-ஆம் எண் சட்டம் வந்தது. 2023-இல் அது திருத்தப்பட்டு, அதே ஆண்டில் அமைச்சரவை அதற்கான செயலாக்க விதிகளையும் வெளியிட்டது. இச்சட்டத்தில் நுகர்வோர் என்பவர் பொருளை ‘வாங்கியவர்’ அல்லர். ஒரு பொருளையோ சேவையையோ, கட்டணம் செலுத்தியோ செலுத்தாமலோ, தம் தேவைக்காகவோ பிறர் தேவைக்காகவோ பெறுபவர் எவரும் நுகர்வோரே. ஆகவே இருபது நிமிடத்திற்கு வண்டி எடுத்தவரும் நுகர்வோர். அவர் பக்கத்தில் அமர்ந்து சென்ற மனைவியும் நுகர்வோர். சட்டம் தடையற்ற வணிக வலயங்களுக்கும் பொருந்தும் என்று அதிலேயே வெளிப்படையாகக் கூறப்பட்டிருக்கின்றது. ‘இது ப்ரீ சோன், இங்கே அந்தச் சட்டமெல்லாம் இல்லை’ என்று ஜெபல் அலி அலுவலகங்களில் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் வாய்ப்பாட்டை இனியேனும் எவரும் ஒப்புவிக்க வேண்டா.

அச்சட்டம் மேலும் செல்கின்றது. சேவை வழங்குநர் தம் கடமைகளிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்ளும் வகையில் ஒப்பந்தத்தில் எழுதும் நிபந்தனை செல்லாது. நுகர்வோரின் தரவுகளைப் பாதுகாக்க வேண்டும், விளம்பரத்திற்குப் பயன்படுத்தலாகாது. இணையவழி வணிகம் செய்வோர் தம் பெயர், முகவரி, உரிமம் வழங்கிய அமைப்பு ஆகியவற்றை நுகர்வோர்க்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி, செயலியில் வண்டி எடுப்பவரின் கைப்பேசித் திரையைப் பார்ப்போர் காண்பது என்ன? ஆங்கிலத்தில் முப்பது நாற்பது பத்திகள். கீழே ‘ஏற்கின்றேன்’ என்னும் ஒரு பொத்தான். வண்டி வேண்டுமெனில் அழுத்த வேண்டும். அழுத்தாவிடில் நடக்க வேண்டும். நாற்பத்தைந்து பாகை வெயிலில் இதனை உடன்பாடு என்று அழைப்பது சட்டத்திற்குத்தான் இயலும்.

அந்தப் பத்திகளில் அடங்கியிருப்பவை பெரும்பாலும் ஒரே தன்மையன. விபத்து எவர் தவறெனத் தீர்மானிக்கப்பட்டாலும் பயனாளி முதலில் ஒரு தொகை கட்ட வேண்டும். சேத மதிப்பை நிறுவனமே கணக்கிடும். பயனாளியின் கடன் அட்டையில் இருந்து முன்னறிவிப்பின்றிப் பிடித்தம் செய்யலாம். வண்டி பணிமனையில் கிடக்கும் நாள்களுக்கான வருவாய் இழப்பையும் அவரே தர வேண்டும். எல்லா நிறுவனங்களும் இவை அனைத்தையும் எழுதுவதில்லை என்பது மெய்தான். ஆனால் சாதாரண வாடகை வண்டிக் கடையிலிருந்து நவீனச் செயலி வரை இந்த நான்கினுள் ஒன்றிரண்டேனும் இல்லாத ஒப்பந்தத்தைக் காண்பது அரிது.

சொந்த வண்டி வைத்திருப்பவரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவர் வண்டியில் கீறல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனத்துடன் மதிப்பைப் பற்றி வாதிடலாம். எந்தப் பணிமனை என்று கேட்கலாம். ஏற்கவில்லை எனில் முறையிடலாம். சாலிக் சுங்கத்தை எடுத்துக்கொள்வோர்க்கு இது இன்னும் எளிதில் விளங்கும். 2007 சூலை முதல் நாள் நான்கு திர்ஹத்தில் தொடங்கிய அச்சுங்கம் 2018 அக்டோபரில் ஜெபல் அலியிலும் வாயில் வைத்தது. 2025 சனவரி இறுதி முதல் நெரிசல் நேரத்தில் ஆறு திர்ஹமாயிற்று. உரிமையாளர் தம் சாலிக் கணக்கைத் திறந்து எந்த வாயில், எந்த மணி, எவ்வளவு என்று பார்க்கின்றார். வாடகைக்கு எடுத்தவருக்கு வருவதோ ஒரு மொத்தத் தொகை. அதன்மேல் ‘சேவைக் கட்டணம்’ என்று ஒரு கூடுதல். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் சரிபார்க்க வழியில்லை. தொகை சிறிதென்று விட்டுவிடுகின்றனர். சிறு தொகையை எவரும் கேட்கமாட்டார் என்பதே இவ்வணிகத்தின் அடிப்படை.

கணினித் துறையில் பணியாற்றும் தமிழ் இளைஞர்க்கு இதன் மற்றொரு முகமும் புலப்பட வேண்டும். பகிர்வு வண்டியில் பொருத்தப்படும் கருவி, வண்டி நின்ற இடம், சென்ற வேகம், திடீரெனத் தடுத்த நொடி, கதவு திறந்த நேரம் ஆகியவற்றைப் பதிந்து நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்பவல்லது. அதாவது, வண்டி யார் கையில் இருந்தபோது இடிபட்டது என்பதற்கான மிகச் சிறந்த சான்று நிறுவனத்திடமே உள்ளது. ஒரே நாளில் ஐந்தாறு பேர் கைமாறும் வண்டி அது. மூன்று வாரம் கழித்து ‘உங்கள் பயணத்தில் சேதம்’ என்று குறுஞ்செய்தி வரும்போது, பயனாளியிடம் இருப்பது அன்று எடுத்த இரண்டொரு நிழற்படம் மட்டுமே, அதுவும் எடுத்திருந்தால். ஒரு தரப்பு பதிவேட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு மறு தரப்பிடம் ‘நீ குற்றமற்றவன் என்று மெய்ப்பி’ என்று கேட்கும் வழக்காடலை எந்த ஊர் நீதி ஏற்கும்? தம்மைப் பற்றிய தரவைக் கேட்டறியும் உரிமையை 2021-ஆம் ஆண்டின் 45-ஆம் எண் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. அவ்வுரிமையின்படி எழுதிக் கேட்ட தமிழர் எத்தனை பேர்?

இங்கே ஒரு நடைமுறைச் செய்தியைச் சொல்லாமல் செல்லலாகாது. அமீரகத்தில் விபத்துச் சேதத்தைக் காவல்துறையின் அறிக்கைத் தாள் இன்றிப் பணிமனைகள் பழுதுபார்க்கலாகாது. எனவே சேதத்துக்குப் பணம் கேட்கும் எந்த நிறுவனத்திடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘அந்தத் தாள் எங்கே, அதில் ஓட்டுநர் என்று யார் பெயர் உள்ளது?’ என்பதே. மின்னஞ்சலில் இதைக் கேட்டு, விடை வராவிடில், துபாய் பொருளாதார மற்றும் சுற்றுலாத் துறையின்கீழ் இயங்கும் நுகர்வோர் பாதுகாப்பு மற்றும் நேர்மை வணிகக் கழகத்தில் இணையவழி முறையிடலாம். வாடகை ஒப்பந்தமும் பணப்பிடித்தச் சான்றும் போதும். வழக்குரைஞர் வேண்டியதில்லை.

‘வந்த இடத்தில் வம்பு எதற்கு?’ என்னும் குரல் இந்நேரம் எழுந்திருக்கும். ஊரில் இருந்து விமானம் ஏறும்போதே பெற்றோர் காதில் ஓதி அனுப்பும் மந்திரம் அது. குடியேற்ற அனுமதி பறிபோகும், பெயர் கெடும் என்னும் அச்சம் அதன் வேர். வாழ்விட அனுமதி வேலையுடன் கட்டப்பட்ட நாட்டில் அந்த அச்சத்தை இழிவுபடுத்துவது நேர்மையாகாது. ஆயினும் அரசே திறந்து வைத்திருக்கும் முறையீட்டு வாயிலில் நுழைவது வம்பும் அன்று, கலகமும் அன்று. அங்கே செல்லாமல் இருப்பதால் காக்கப்படுவது பயனாளியின் பெயர் அன்று; அவரிடம் பணம் பிடித்தவரின் இலாபமே.

கார் லிப்ட் என்னும் இருட்டு

செயலி வண்டிக்காவது ஒப்பந்தம் உண்டு, உரிமம் உண்டு, முறையிட ஓர் எதிர்த்தரப்பு உண்டு. விடியற்காலை ரோலாவில் வந்து நிற்கும் அந்த அடையாளமற்ற மகிழுந்துக்கு இவற்றுள் எதுவும் இல்லை. உரிமமின்றிக் கட்டணத்திற்குப் பயணிகளை ஏற்றுவது அமீரகத்தில் குற்றம். 2017-இல் வெளியான போக்குவரத்துக் குற்றப் பட்டியலில் இதற்கு 3,000 திர்ஹம் அபராதமும் 24 கரும்புள்ளிகளும் 30 நாள் வண்டிப் பறிமுதலும் விதிக்கப்பட்டன. தண்டனை ஓட்டுநருக்குத்தான் என்று பயணி ஆறுதல் கொள்கின்றார். அந்த ஆறுதல் எவ்வளவு பொய்யானது என்பது ஒரு விபத்து நேரும்வரை தெரிவதில்லை.

2019 சூன் 6 அன்று, பெருநாள் விடுமுறை முடிந்து மஸ்கட்டிலிருந்து துபாய்க்கு வந்துகொண்டிருந்த ஓமான் நாட்டுப் பேருந்து ஒன்று ராஷிதியா அருகே உயரத் தடுப்புக் கம்பத்தில் மோதியது. 17 பேர் மாண்டனர். அவர்களுள் 12 பேர் இந்தியர். துபாய் வாழ் இந்தியக் குடும்பங்களை உலுக்கிய நாள் அது. அடுத்த மாதமே துபாய் போக்குவரத்து நீதிமன்றம் மாண்டோர் குடும்பங்களுக்கு 34 இலட்சம் திர்ஹம் குருதிப் பணம் வழங்க ஆணையிட்டது. ஓர் உயிருக்கு 2 இலட்சம் என்பது சட்டத்தின் அளவு. அப்பேருந்தில் பலத்த காயமுற்ற இந்திய மாணவர் ஒருவர் காப்பீட்டு நிறுவனத்தின்மீது வழக்காடினார். காப்பீட்டுத் தகராறு மன்றம் முதலில் 10 இலட்சம் திர்ஹம் விதித்தது. நீதிமன்றம் அதனை 50 இலட்சமாக உயர்த்திய செய்தி 2023-இல் வெளிவந்தது.

அந்த மாணவருக்கு அப்பேருந்தில் ஒரு திருகாணிகூடச் சொந்தமில்லை. அவரிடம் இருந்தது பயணச்சீட்டு. சீட்டுக்குப் பின்னால் உரிமம் பெற்ற போக்குவரத்து நிறுவனம். நிறுவனத்திற்குப் பின்னால் காப்பீடு. காப்பீட்டுக்குப் பின்னால் நீதிமன்றம். உடைமை இல்லாதவனுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இந்தச் சங்கிலியில்தான் இருக்கின்றது. எந்த இழப்பீடும் போன உயிரையோ போன நலத்தையோ மீட்டுத் தராது. ஆனால் சங்கிலி இருந்ததால் ஒரு குடும்பம் மருத்துவச் செலவுக்குக் கையேந்தாமல் தப்பியது.

இதே மோதல் ஒரு கார் லிப்டில் நிகழ்ந்திருந்தால்? அமீரகத்தின் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீடு பயணியையும் காக்கின்றது என்பது உண்மை. 2017 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த காப்பீட்டு ஆவணத்தின்படி, பத்திரத்தில் சொல்லப்பட்ட நோக்கத்திற்கு மாறாக வண்டி பயன்படுத்தப்பட்டிருந்தால், காப்பீட்டு நிறுவனம் தான் கொடுத்த தொகையை உரிமையாளரிடம் திரும்பக் கோரலாம். மாதம் சில நூறு திர்ஹத்திற்கு வண்டி ஓட்டிய சக தமிழரோ மலையாளியோ இலட்சங்களைக் கட்ட வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார். அவரைக் காப்பாற்றப் பயணிகளும் ‘நண்பர்தான், காசு கொடுக்கவில்லை’ என்று காவல் நிலையத்தில் பொய் சொல்வர். பொய் சொன்ன வாய் பின்னர் உண்மையான கோரிக்கையையும் வைக்க இயலாமல் தடுமாறும். நுகர்வோர் சட்டத்தின் கதவும் அங்கே திறவாது. சேவை வழங்குநர் யாரென்று காட்ட ஒரு துண்டுத் தாளும் இல்லையே.

இக்குற்றத்தை முழுவதும் ஏழைப் பயணியின் தலையில் கட்டுவோர் நேர்மையற்றோர். பகிர்ந்து செல்வதை முறைப்படுத்த அரசால் இயலும் என்பதற்கு ஜெபல் அலியின் வாயிலிலேயே சான்று உண்டு. 2024 செப்டம்பரில் சாலை மற்றும் போக்குவரத்து ஆணையம் இப்ன் பதூதா அங்காடியிலிருந்து அபுதாபியின் அல் வஹ்தா அங்காடிக்குப் பகிர்வு டாக்சி ஓட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. தனியே எடுத்தால் ஏறத்தாழ 300 திர்ஹம். நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 66 திர்ஹம். கார் லிப்ட் செய்வதும் இதுவேதான். வேறுபாடு உரிமமும் காப்பீடும் மட்டுமே. அபுதாபி செல்லும் வணிகருக்கு அமைந்த இவ்வேற்பாடு, சார்ஜாவிலிருந்து ஜெபல் அலிக்கு நாள்தோறும் வந்துபோகும் உழைப்பாளருக்கு, அவர் கட்டக்கூடிய மாதக் கட்டணத்தில் ஏன் அமையவில்லை? அபராதத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதால் கார் லிப்ட் ஒழியாது. அடுத்த தெருவுக்கு இடம் மாறும்.

வணிக வலயத்தில் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் இருக்கின்றன. தொழிலாளருக்குப் பேருந்து விடும் அவற்றுள் பல, எழுத்தருக்கும் இளநிலைப் பொறியாளருக்கும் ‘போக்குவரத்துப் படி’ என்று ஒரு தொகையை ஊதியச் சீட்டில் எழுதிவிட்டுக் கைகழுவிக்கொள்கின்றன. அந்தப் படி போய்ச் சேரும் இடம் எது என்று அவற்றின் மேலாளர்க்குத் தெரியாததன்று.

பெற்றோர் பற்றியும் ஒரு சொல். பள்ளிப் பேருந்துக் கட்டணம் மிகுதி என்று பிள்ளைகளை அண்டை வீட்டாரின் கார் லிப்டில் அனுப்பும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் பரவியிருக்கின்றது. துபாயில் பள்ளிப் பேருந்துக்கு ஓட்டுநர் தகுதி, இருக்கை, உடன்செல்லும் பெண் உதவியாளர் என்று விதிகள் உண்டு. ஐந்து இருக்கை வண்டியில் ஏழு பிள்ளைகளைத் திணித்துச் செல்பவருக்கு எந்த விதியும் இல்லை. ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்கப் பத்திரத்தை மூன்று வழக்குரைஞரிடம் காட்டும் தந்தை, தம் மகளை ஏற்றிச்செல்லும் வண்டியின் பதிவு அட்டையை ஒருமுறையேனும் பார்த்தாரா? இளையோரும் தம் பங்குக்குச் செயலிக் கணக்கை உரிமம் இல்லாத நண்பனுக்குக் கொடுத்து உதவுகின்றனர். அவ்வண்டி இடித்தால் காப்பீடு நில்லாது. முழுச் சுமையும் கணக்கு எவர் பெயரில் உள்ளதோ அவர்மீது விழும். தோழமைக்கு இது மிகை விலை.

தாயகத்திலும் பிற நாடுகளிலும்

செயலி நிறுவனங்கள் உலகெங்கும் பாடும் பாட்டு ஒன்றே: ‘இணைத்துவைப்பது மட்டுமே எமது பணி, பயணம் ஓட்டுநருக்கும் பயணிக்கும் இடையிலானது.’ 2017 டிசம்பர் 20 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஊபர் நடத்துவது போக்குவரத்துச் சேவையே என்று தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம், பயணியுடன் ஒப்பந்தம் செய்துகொள்பவர் உரிமம் பெற்ற நிறுவனமே என்று தெளிவாக்கியது.

இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நேர்மையற்ற ஒப்பந்தம்’ என்பதற்கு இலக்கணமே வகுத்திருக்கின்றது. மிகையான வைப்புத்தொகை கேட்பதும், இழப்புக்குப் பொருந்தாத தண்டத்தொகை விதிப்பதும் அதற்குள் அடங்கும். முறையீட்டாளர் தாம் வாழும் ஊரிலேயே வழக்கிடலாம். அச்சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் ஓலா நிறுவனத்திற்கு ஓர் ஆணையிட்டது: திருப்பித் தரவேண்டிய பணத்தைக் கூப்பனாக மட்டும் தராமல், வங்கிக் கணக்கிலா கூப்பனாகவா என்று பயணியே தெரிவு செய்ய விட வேண்டும், ஒவ்வொரு பயணத்திற்கும் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும். இந்தியச் சட்டம் செயலில் எவ்வளவு தாமதமானது என்பதைச் சென்னையின் நுகர்வோர் ஆணையங்களில் காத்துக்கிடப்போர் அறிவர். எனினும் எழுத்தில் இருக்கும் அந்த இலக்கணம் அமீரகத்திற்கும் ஏற்றதே. பகிர்வு வண்டிகளுக்கென்று தனியே ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் துபாய் ஆணையம் வகுத்து, வைப்புத்தொகை திரும்பும் நாள், சேத மதிப்பீட்டில் மூன்றாம் தரப்பு, வண்டிப் பதிவேட்டைப் பயனாளிக்கு அளித்தல் ஆகியவற்றை அதில் கட்டாயமாக்க வேண்டும். உரிமம் வழங்கும் கை அதுவே ஆதலால், ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்லும் அதிகாரமும் அதனிடமே உள்ளது.

அமீரகத்தில் இயங்கும் தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் இன்னிசை இரவும் நடத்துகின்றன, நடத்தட்டும். அவற்றுள் ஒன்றேனும் ஜெபல் அலி வணிக வலயத்தின் நிறுவனங்களுக்கு, சார்ஜா ஊழியருக்கான உரிமம் பெற்ற பகிர்வுப் பேருந்து கேட்டு ஒரு மனு எழுதியிருக்கின்றதா? வாடகை வண்டி ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை இவை என்று தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் மெட்ரோ நிலையங்களின் வாயிலிலும் கொடுத்திருக்கின்றதா? அடுத்த விழாவின் அரங்க வாடகையில் நூற்றில் ஒரு பங்கு அந்த அச்சுக்கூலிக்குப் போதும். எழுதித் தருவதற்கு அமீரகத்தில் தமிழறிந்த வழக்குரைஞரும் கணினி வல்லுநரும் இருக்கின்றனர். அவர்களை எவரும் இன்னும் கேட்கவில்லை.